கல்பாசி ஒரு கூட்டுக் குடும்பம்

நம் அன்னையர் மசாலாவில் சேர்க்கும் கல்பாசியைத் தோழியர் அறிவீர்கள். பெயர் பாசி, ஆனால் அது பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும் லைக்கன் ஆகும். 1867-இல் ஸ்விட்சர்லாந்து அறிஞர் ஷ்வெண்டனர் இவ்வுண்மையைக் கூறினார். பூஞ்சை உறைவிடமும் ஈரமும் தருகிறது. பாசி ஒளிச்சேர்க்கையால் உணவு தருகிறது. அறிவியல் பெயரோ பூஞ்சைக்கே உரியது!

லைக்கன்களை உருவத்தால் மூவகைப்படுத்துவர்:

1. ஓட்டு லைக்கன்: சாயம் பூசியதுபோல் பாறையில், பட்டையில் ஒட்டியிருக்கும்.
2. இலை லைக்கன்: இலைபோல் விரியும். மலை மரங்களில் வளரும் கல்பாசி இவ்வகையே.
3. புதர் லைக்கன்: கிளைத்து நிற்கும் அல்லது தாடிபோல் தொங்கும்.

உருவம் ஒத்திருந்தால், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு துளியிட்டு நிறமாற்றத்தால் இனம் பிரிப்பர்.

இலை லைக்கன்கள் பெரும்பாலும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளரும். நாம் கிள்ளிப் போடும் சிட்டிகை, பல ஆண்டு வளர்ச்சி! ஆகவே பழனிசெட்டிபட்டி மரப்பட்டைகளில் லைக்கனைக் கண்டால் சுரண்டாதீர்கள். பூதக்கண்ணாடியால் பார்த்து, படம் வரைந்து, வகை எழுதுங்கள்.

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி