மருந்தின் பெயர் நம் கையில் இருக்கட்டும்

விதைநெல் வாங்கும்போது என்ன இனம், எந்தப் போகத்து நெல், முளைக்குமா என்றெல்லாம் விசாரிக்கிறோம். மருந்துக் கடையிலோ தந்ததை வாங்கி, கேட்ட காசைக் கொடுத்துவிட்டு வருகிறோம். இடம்பெயர்ந்து வாழும் எமது குடும்பங்களுக்கு இதனால் நட்டம் அதிகம். பழகிய கடை இல்லை. கிளினிக் கொப்பியும் வழியில் தவறிப்போயிருக்கலாம்.

ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு பொதுப் பெயர் உண்டு. கம்பனி வைக்கும் வியாபாரப் பெயர் வேறு. பனடோல் என்பது வியாபாரப் பெயர். அதிலுள்ள மருந்து பரசிற்றமோல். கம்பனி மாறினால் விலையும் மாறும். பொதுப் பெயரில் மருந்தை மலிவாகக் கொள்வனவு செய்து மக்களுக்குக் கொடுப்பதற்காகவே, பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தொடங்கப்பட்டது. 'ஒசுசல' அதன் விற்பனை நிலையமாகும்.

2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி, வைத்தியர் துண்டில் பொதுப் பெயரை எழுதவேண்டும். அம்மருந்து கடையில் எந்தெந்த வியாபாரப் பெயரில், என்ன விலையில் உண்டு என்பதை மருந்தாளர் சொல்லவேண்டும். தெரிவு செய்வது வாங்குபவரின் உரிமை.

ஆகவே கடையில் நாம் செய்யவேண்டியவை:

1. "இதே மருந்து குறைந்த விலையில் இருக்கிறதா?" என்று கேட்போம். வலிப்பு மருந்து போன்ற சிலவற்றை வைத்தியரைக் கேளாமல் மாற்றக்கூடாது.

2. நாலைந்து குளிசைகளை வெட்டித் தரும்போது காலாவதித் திகதி மற்றப் பாதியோடு போய்விடும். வெட்டுமுன் அதைக் காட்டச் சொல்வோம். மருந்தின் பெயர், அளவு, எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பவற்றை உறையில் எழுதுவிப்போம்.

3. பற்றுச்சீட்டுக் கேட்போம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும்.

4. குறித்த உச்ச விலைக்கு மேல் பணம் எடுத்தால், மூன்று மாதத்துக்குள் அச்சபைக்கு எழுத்தில் முறையிடலாம். அப்போது பற்றுச்சீட்டே நமது சாட்சி.

சலரோகக்காரர் ஒருவர் 'மெற்போமின் 500 மில்லிகிராம், காலை, இரவு' என்று எழுதி அடையாள அட்டையோடு வைத்திருந்தால், எந்த ஊர் அரசாங்க ஆஸ்பத்திரியிலும் அவரது மருந்தை விளங்கிக்கொள்வார்கள். அங்கே அது இலவசம். பெயர் தெரியாமல் "வெள்ளைக் குளிசை" என்று சொன்னால் வைத்தியரும் என்ன செய்வார்?

கலந்துரையாடுவோம்: நமது வீட்டில் தினமும் மருந்து எடுப்பவர் யார்? அம்மருந்தின் பொதுப் பெயர் என்ன? இன்றே ஒரு கடதாசியில் எழுதிவைப்போம்.