அதே மரத்தடிக்கு மறுபடியும் போ

அன்புள்ள கயல்விழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. திருவனந்தபுரத்தில் வீடும் பள்ளிக்கூடமும் பழகிவிட்டன என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். பக்கத்து வீட்டு அக்கா ஞாயிறு காலை மரம் பார்க்கும் நடைக்குக் கூப்பிடுகிறாள், அம்மாவுக்கு விருப்பம்தான், அப்பாதான் "மரம் பார்க்க ஊரைச் சுற்றணுமா?" என்கிறார், போகலாமா அத்தை என்று கேட்டிருக்கிறாய். தாராளமாகப் போ. ஆனால் நீ மட்டும் போகாதே. அப்பா, அம்மா, தம்பி, முட்டுவலி அதிகமில்லாத நாளாகப் பார்த்து ஆச்சி என்று வீட்டோடு கிளம்புங்கள்.

நீ போய்ச் சேர்ந்திருக்கும் ஊர் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்த ஊர். 'ட்ரீ வாக்' என்ற குழு 2012 முதல் அங்கே மக்களைக் கூட்டிக்கொண்டு மரம் மரமாக நடந்து வருகிறது. மரத்தை அறிமுகப்படுத்துவதோடு நிற்காமல், வெட்ட வரும்போது கேள்வி கேட்கவும் செய்கிறார்கள். பறவை பார்க்க 'வார்ப்ளர்ஸ் அண்ட் வேடர்ஸ்' இருக்கிறது. 'டபிள்யூ.டபிள்யூ.எஃப்.' அமைப்பின் கேரள அலுவலகமும் அந்த நகரத்தில்தான். எதில் சேர்ந்தாலும் நல்லதுதான்.

இதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு, தெரிந்துகொள். பாலக்காடு மாவட்டத்துச் சைலன்ட் வேலிக் காட்டில் அணை கட்டப் போவதாகச் சொன்னபோது அதை எதிர்த்து நின்றவர்களில் முன்வரிசையில் இருந்தவர் கவிஞர் சுகதகுமாரி. அவர் வாழ்ந்தது திருவனந்தபுரத்தில். எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் அறிவியல்காரர்களும் ஊர் ஊராகப் பேசினார்கள். கடைசியில் அணைத் திட்டம் கைவிடப்பட்டு, 1984-ல் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதற்கும் முன்னால், 1933-ல், பறவை அறிஞர் சாலிம் அலி திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்க வந்தார். அப்போது நம் நாகர்கோவிலும் திருவிதாங்கூரில்தான் இருந்தது. அந்தப் பயணத்தில் அவர் மனைவி தெஹ்மினாவும் கூடவே வந்தார். காட்டு முகாமைக் கவனித்துக்கொண்டவர் அவர். குடும்பத்தோடு பறவை பார்க்கப் போவது புது வழக்கம் இல்லை என்று உங்கப்பாவிடம் சொல்.

சரி, எங்கே தொடங்குவது? மியூசியம் வளாகத்தில் தொடங்கு. 1880-ல் கட்டி முடித்த அந்த நேப்பியர் மியூசியத்தைச் சுற்றி வயதான மரங்கள் நிறைய நிற்கின்றன. காலையில் நடைப்பயிற்சிக்காரர்கள் கூட்டம் இருக்கும். அவர்கள் வேகத்துக்கு நீங்கள் நடக்க வேண்டாம். முதல் நாளிலேயே இருபது மரத்தின் பெயரை எழுதிக்கொண்டு வந்து என்னிடம் ஒப்பிக்காதே. குழுவில் பெயர் சொல்ல ஆள் இருப்பார்கள். காதில் போட்டுக்கொள், போதும். உனக்கென்று ஒரே ஒரு மரத்தைத் தேர்ந்தெடு. அதன் அடியில் பத்து நிமிஷம் நில். அடுத்த வாரம் திரும்பவும் அதே மரத்தடிக்குப் போ. அதற்கடுத்த வாரமும் போ. நான் சொல்ல வந்ததே இது ஒன்றுதான். புதுப்புது இடமாக ஓடுகிறவர்களுக்குப் படங்கள் சேரும். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறவர்களுக்குத்தான் அறிவு சேரும்.

எதைப் பார்ப்பது என்று தெரியாமல் நிற்காதே. தூங்குமூஞ்சி மரமாக இருந்தால் வானம் மூடிய நாளிலும் சாயங்காலத்திலும் அதன் சிற்றிலைகள் மடிவதைக் கவனி. நாகலிங்க மரமாக இருந்தால் பூ கிளையில் பூக்கிறதா, அடிமரத்தில் பூக்கிறதா என்று பார். மாமரமாக இருந்தால் முசுறு எறும்பின் கூடு தேடு. பச்சை இலைகளை ஒட்டிப் பந்துபோல் செய்திருக்கும். கிட்டப் போய்ப் பார், கை வைக்காதே, கடித்தால் எரியும். அதிர்ஷ்டம் இருந்தால் கூடு கட்டுவதையே பார்க்கலாம். ஒரு வரிசை எறும்புகள் ஓர் இலையின் விளிம்பில் காலை ஊன்றி, பக்கத்து இலையை வாயால் கவ்வி இழுக்கும். இலை எட்டாவிட்டால் ஒன்றின் இடுப்பை ஒன்று பிடித்துச் சங்கிலியாகத் தொங்கும். இரண்டு இலையும் நெருங்கியதும் வேறு சில எறும்புகள் வெள்ளைப் புழுக்களைக் கவ்விக்கொண்டு வரும். அவை அதே எறும்புக் கூட்டத்தின் குஞ்சுகள். பட்டு நூல் வருவது புழுவின் வாயிலிருந்துதான், பெரிய எறும்புக்கு நூல் கிடையாது. புழுவை இந்த இலைக்கும் அந்த இலைக்குமாக மாற்றி மாற்றித் தொட்டு, இரண்டையும் ஒட்டிவிடும். தம்பிக்கு இதைக் காட்டு. அரை மணி நேரம் அசையாமல் நிற்பான். தெற்குச் சீனத்தில் ஏறக்குறைய 1,700 வருஷத்துக்கு முன்பே ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் இந்தக் கூடுகளை விலைக்கு வாங்கி மரத்தில் கட்டினார்கள், பூச்சியை இந்த எறும்பு தின்றுவிடும் என்பதற்காக.

இரண்டாவது இடம் வெள்ளாயணி. மாவட்டத்தின் பெரிய நன்னீர் ஏரி அது. ஒட்டியே புஞ்சக்கரி வயல். மோகன்லாலின் 'கிரீடம்' படத்தில் வந்த பாலம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது, உங்கப்பாவைக் கிளப்ப அது ஒன்று போதும். வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். அக்டோபரிலிருந்து மார்ச் வரை வலசைப் பறவைகளும் வந்திருக்கும். தாமரை இலை பரந்து கிடக்கும் இடத்தில் இலைக்கோழியைப் பார். விரல்கள் அத்தனை நீளம். உடம்பின் பாரம் பரவிவிடுவதால் இலைமேல் முழுகாமல் நடக்கும். நீளவால் இலைக்கோழியில் பெட்டை முட்டையிட்டுவிட்டு வேறு சேவலைத் தேடிப் போய்விடும். அடைகாத்துக் குஞ்சு வளர்ப்பது சேவல்தான். இதை அம்மா அப்பா இரண்டு பேரும் இருக்கும்போது சொல்.

தொலைநோக்கி இல்லையே என்று வருந்தாதே. குழுவில் ஒருவரிடமாவது இருக்கும், கேட்டால் தருவார்கள். தொப்பி, தண்ணீர், பழைய செருப்பு, பச்சை அல்லது மண் நிறத்தில் சட்டை, இவ்வளவு போதும். ஒரு நோட்டுப் புத்தகம் மட்டும் கட்டாயம். தேதி, நேரம், இடம், வெயிலா மழையா என்று முதல் வரியில் எழுது. பெயர் தெரியாத பறவையை எழுதாமல் விட்டுவிடாதே: அலகு, கால் நிறம், என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுது. ஆச்சி சொல்வதையும் எழுது. எந்தக் கீரை எந்த வரப்பில் முளைக்கும், எந்த இலை எந்த வலிக்கு என்று ஆச்சிக்குத் தெரிந்தது எந்தப் பள்ளிக்கூடத்திலும் கிடைக்காது. குழுவோடு நடக்கும்போது ஆச்சியைப் பேச விடு. மலையாளத்தில் பதில் சொல்லவும் அங்கே ஆள் இருப்பார்கள்.

இந்த நோட்டால் என்ன பயன் என்று அப்பா கேட்டால் இதைச் சொல். 2015 முதல் 2020 வரை கேரளம் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் பறவைகளைக் கணக்கெடுத்தார்கள். சுமார் 25,000 பட்டியல்கள், 361 வகைப் பறவைகள். இந்தியாவில் ஒரு மாநிலம் முழுவதற்கும் உருவான முதல் பறவை வரைபடம் அது. அதில் உழைத்தவர்களில் பலர் பறவையியல் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் இல்லை, ஞாயிற்றுக்கிழமை நடந்தவர்கள். உன் மரத்துக்கும் ஒரு வழி உண்டு. 'சீசன் வாட்ச்' என்ற திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகள் ஒரு மரத்தை வாராவாரம் பார்த்து, தளிர், பூ, காய், பழம் உண்டா, கொஞ்சமா நிறையவா என்று பதிகிறார்கள். கேரளத்துப் பள்ளிகள் நிறைய அதில் இருக்கின்றன. விஷுவுக்குக் கணி வைக்கும் கொன்றை, விஷு வருவதற்கு வெகு முன்பே பூத்துக் கொட்டிவிடுகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். சொல்வது வேறு, பல வருஷத்துத் தேதிகளைக் கையில் வைத்திருப்பது வேறு. உன் தெருக் கொன்றையின் தேதி உன் நோட்டில் இருக்கட்டும்.

சில விஷயத்தில் கண்டிப்பாக இரு. போனில் பறவைக் குரலைப் போட்டு அழைக்காதே. எதிரி வந்துவிட்டதென்று அது தவித்து வரும். கூட்டைக் கண்டால் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பாதே. பூவைப் பறிக்காதே, உதிர்ந்ததை எடு. பெரிய கேமராவோடு கூட்டை நெருங்குகிறவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் "சேட்டா, கொஞ்சம் பின்னால் வாங்க" என்று சொல்லக் கூச்சப்படாதே. அப்படிக் கிடைக்கும் படத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை.

ஜூன் பிறந்ததும் இடவப்பாதி மழை வந்துவிடும், நடையும் நின்றுவிடும் என்று நினைக்காதே. தவளைக்கும் நத்தைக்கும் காளானுக்கும் அதுதான் காலம். குடையோடு மியூசியம் வளாகத்துக்குள்ளேயே ஒரு சுற்று வந்தால் போதும். பொன்முடி, பாலோட்டில் 1979-ல் தொடங்கிய தாவரவியல் தோட்டம் எல்லாம் பிறகு பார்க்கலாம். 1,868 மீட்டர் உயர அகத்தியமலை நீ வளர்ந்து, அனுமதி வாங்கி, ஏறத் தெம்பு வந்த பிறகு.

அமெரிக்காவில் ரேச்சல் கார்சன் என்று ஓர் அறிவியல் எழுத்தாளர் இருந்தார். தன் அக்கா மகளின் சின்னப் பையனைக் கடற்கரைக்கும் காட்டுக்கும் கூட்டிப் போனதைப் பற்றி 1956-ல் ஒரு கட்டுரை எழுதினார். பிள்ளையின் வியப்பு வாடாமல் இருக்க, கூட நின்று வியக்க ஒரு பெரியவராவது வேண்டும் என்பது அவர் கருத்து. உன் வீட்டில் மூன்று பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நீ இழுத்துக்கொண்டு போனாலும் சரி, அவர்கள் உன்னைக் கூட்டிப் போனாலும் சரி.

வருகிற ஞாயிறு காலை ஆறரைக்கு எல்லோரும் மியூசியம் வாசலில் இருங்கள். மரத்தைத் தேர்ந்தெடுத்ததும் எந்த மரம், எந்த வாசலிலிருந்து எந்தப் பக்கம் என்று எனக்கு எழுது. அடுத்த முறை அங்கே வரும்போது நானும் வந்து பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அத்தை
நாகர்கோவில்