அச்சம் ஏன் நீங்காமல் நிற்கிறது? சிகிச்சையில் பிரச்சினை வரைபடம்

மனநலப் பிரிவுக்கு வருவோரும் அவர்களுடன் வரும் குடும்பத்தினரும் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைக் கேட்கின்றனர். "இது என்ன நோய்?" என்பது ஒன்று. "எத்தனையோ பேர் இருக்க இவருக்கு ஏன் வந்தது? வந்தது ஏன் போகவில்லை?" என்பது மற்றொன்று. முதற்கேள்விக்கு நோயறிதல் விடை தரும். இரண்டாம் கேள்விக்கு நோயின் பெயர் மட்டும் விடையாகாது. ஒரே பெயருடைய நோய் இருவருக்கு இரு வேறு வழிகளில் தொடங்கி, இரு வேறு காரணங்களால் நீடிக்கலாம்.

அறிவாற்றல் நடத்தை சிகிச்சையில் இந்த இரண்டாம் கேள்விக்கான விடையை நோயாளியும் சிகிச்சையாளரும் ஒன்றாக அமர்ந்து ஒரு தாளில் வரைகின்றனர். மருத்துவர்கள் இதனைக் 'கேஸ் ஃபார்முலேஷன்' என்பர். இக்கட்டுரையில் 'பிரச்சினை வரைபடம்' என்று அழைப்போம். அது எவ்வாறு உருவாகிறது, அதில் குடும்பத்தினரின் பங்கு யாது என்பவற்றை ஓர் எடுத்துக்காட்டின் வழியாகக் காண்போம். இது தனி ஒருவரின் வரலாறு அன்று. சிகிச்சைக்கு வருவோர் பலரிடம் காணப்படும் செய்திகளைச் சேர்த்து அமைத்தது.

மணவூரிலிருந்து புறப்பட்ட ரயில்

மணவூரில் வசிக்கும் 32 வயதுடைய ஒருவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறார். நாள்தோறும் புறநகர் மின்சார ரயிலில் சென்று வருபவர். ஒரு நாள் காலை, கூட்டம் மிகுந்த பெட்டியில் நின்றிருந்தபோது திடீரென நெஞ்சு படபடத்தது. மூச்சு முட்டியது, விரல்கள் மரத்தன, தலை சுற்றியது. இதயம் நின்றுவிடப் போகிறது என்று எண்ணி, திருவள்ளூரில் இறங்கி மருத்துவமனைக்கு ஓடினார். இ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை எல்லாம் இயல்பாகவே இருந்தன.

அடுத்த சில வாரங்களில் இதே போன்று மேலும் மூன்று முறை நேர்ந்தது. அதன்பின் அவர் ரயில் ஏறுவதையே நிறுத்திவிட்டார். விடுப்பு தீர்ந்தது, சம்பளத்தில் பிடித்தம் தொடங்கியது. வேலையை விட்டுவிடலாமா என்ற நிலையில்தான் மனைவியுடன் சிகிச்சைக்கு வந்தார். இதய மருத்துவரும் பொது மருத்துவரும் முழுமையாகப் பரிசோதித்து உடல்நோய் இல்லை என்று உறுதி செய்த பிறகு, 'பேனிக் டிஸார்டர்' எனப்படும் பீதி நோய் என்று கண்டறியப்பட்டது.

ஐந்து பகுதிகள்

அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் (1921–2021) 1960-களில் இச்சிகிச்சை முறையை உருவாக்கினார். ஒரு நிகழ்ச்சிக்கு நாம் கற்பிக்கும் பொருளே நம் உணர்ச்சியையும் செயலையும் பெரிதும் வழிநடத்துகிறது என்பது அதன் அடிப்படை. பின்னர் கிறிஸ்டின் படெஸ்கி முதலான உளவியலாளர்கள், நோயாளிகள் எளிதில் புரிந்துகொள்ளும் வகையில் அனுபவத்தை ஐந்து பகுதிகளாகப் பிரித்துக் காட்டினர். நம் ரயில் பயணியுடன் வரைந்த முதற்படம் பின்வருமாறு அமைந்தது.

சூழ்நிலை: நெரிசலான ரயில் பெட்டி, கதவு தொலைவில் இருத்தல்.
எண்ணம்: "எனக்கு மாரடைப்பு வருகிறது."
உணர்ச்சி: கடும் அச்சம்.
உடல்: படபடப்பு, மூச்சு முட்டல், வியர்வை, மரத்துப்போதல்.
செயல்: அடுத்த நிலையத்தில் இறங்குதல், நாடி பிடித்துப் பார்த்தல், ரயிலைத் தவிர்த்தல்.

இவ்வைந்தும் தனித்தனியே இருப்பவை அல்ல. ஒன்று மற்றொன்றைத் தூண்டுகிறது. வெப்பத்தாலோ களைப்பாலோ நெஞ்சு சற்று வேகமாகத் துடிக்கிறது. அதனை மாரடைப்பு என்று எண்ணியவுடன் அச்சம் எழுகிறது. அச்சத்தால் அட்ரினலின் சுரந்து துடிப்பு மேலும் கூடுகிறது. மூச்சு வேகமாகும்போது ரத்தத்தில் கரியமில வாயுவின் அளவு குறைகிறது; விரல்கள் மரப்பதும் தலை சுற்றுவதும் அதனால்தான். அந்த அறிகுறிகளைக் கண்டு, "நான் நினைத்தது சரிதான்" என்று மனம் முடிவு கட்டுகிறது. இவ்வட்டத்தை இங்கிலாந்து உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986-ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் தெளிவாக விளக்கினார். உடலின் இயல்பான மாற்றத்தைப் பேராபத்து எனத் தவறாகப் பொருள் கொள்வதே பீதியின் மையம் என்பது அவர் கருத்து.

பீதி உண்மையில் உடலில் நிகழ்கிறது. நோயாளி நடிப்பதோ கற்பனை செய்வதோ இல்லை. ஆகவே "எல்லாம் உன் மனப்பிரமை" என்று கூறுவது தவறு. அவ்வாறு கூறுவதால் அவர் துன்பத்தோடு அவமானமும் சேர்கிறது.

அச்சம் நீடிப்பது எதனால்?

நான்கு முறை பீதி வந்தும் இதயம் நிற்கவில்லை. அப்படியிருக்க, அச்சம் குறைந்திருக்க வேண்டாமா? ஏன் குறையவில்லை? வரைபடத்தில் மிகவும் பயனுள்ள பகுதி இதற்கான விடைதான்.

ஒவ்வொரு முறையும் அவர் ரயிலிலிருந்து இறங்கினார். அதனால், "இறங்கியதால் பிழைத்தேன்" என்றே மனம் கற்றுக்கொண்டது. இறங்காமல் இருந்தாலும் பிழைத்திருப்பார் என்பதைக் கற்கும் வாய்ப்பே அவருக்குக் கிட்டவில்லை. தண்ணீர் பாட்டில், பையில் ஒரு மாத்திரை, கதவோரம் நிற்பது, அடிக்கடி நாடி பார்ப்பது ஆகியவையும் இத்தகையனவே. இவற்றைப் 'பாதுகாப்புச் செயல்கள்' என்கிறோம். அவை அந்த நேரத்தில் ஆறுதல் தருகின்றன. நாளடைவில் அச்சத்தை வளர்க்கின்றன.

குடும்பத்தின் அன்பும் இவ்வட்டத்தில் இடம்பெற்றிருந்தது. ஒவ்வொரு நிலையத்திலும் மனைவி தொலைபேசியில் அழைத்து, "ஏங்க, நெஞ்சு ஒண்ணும் பண்ணலையே?" என்று கேட்டார். தாயார் நாள்தோறும் இரவில் கருவியை வைத்து ரத்த அழுத்தம் பார்த்தார். "இன்னைக்கு வேலைக்குப் போக வேண்டாம்ப்பா" என்று பரிவோடு தடுத்தார். ஆண்டுதோறும் ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்கு 365 படிகளும் ஏறிச் செல்லும் குடும்பம் அது. இவ்வாண்டு அவரை மட்டும் சாலை வழியே வாகனத்தில் அனுப்பினர். இவற்றில் யாருடைய குற்றமும் இல்லை. ஆயினும், "உன் இதயம் ஆபத்தில் இருக்கிறது" என்ற செய்தியை இச்செயல்கள் அவரிடம் நாளும் கொண்டு சேர்த்தன.

முதற்படம் முழுமையன்று

வரைபடம் ஓர் ஊகமே, தீர்ப்பன்று. புதிய செய்தி கிடைக்கும்போது அதனைத் திருத்த வேண்டும். முதல் சில வாரங்களில் அவர் ஓரளவு தேறினார். வீட்டில் மாடிப்படி ஏறினார். நாடி பார்ப்பதைக் குறைத்தார். ஆனால் ரயில் நிலையத்தின் வாயிலைத் தாண்ட அவரால் இயலவில்லை. மாரடைப்பு அச்சம் மட்டுமே காரணமென்றால், படி ஏறத் துணிந்தவர் ரயிலுக்கு மட்டும் ஏன் அஞ்ச வேண்டும்? படத்தில் ஏதோ விடுபட்டிருந்தது.

அடுத்த அமர்வில் மனைவியும் உடன் அமர்ந்தார். அவர்தாம் அச்செய்தியைக் கூறினார். ஓராண்டுக்கு முன் மாமனாருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. அந்த நேரத்தில் கணவர் ரயிலில் வந்துகொண்டிருந்தார். ரயில் சிக்னலுக்காக நடுவழியில் நின்றுவிட்டது. அவர் வந்து சேர்வதற்குள் தந்தை உயிர் துறந்துவிட்டார். இதனை அவர் அதுவரை யாரிடமும் பேசியதில்லை.

இப்போது படம் மாறியது. "மாரடைப்பு வருகிறது" என்ற எண்ணத்தின் பின்னால், "ரயிலுக்குள் சிக்கினால் எந்த உதவியும் எட்டாது" என்ற எண்ணமும், "நான் இருந்திருந்தால் அப்பாவைக் காப்பாற்றியிருப்பேன்" என்ற குற்றவுணர்வும் இருந்தன. முதற்படத்தை மட்டும் நம்பியிருந்தால், "இவர் ஒத்துழைக்கவில்லை" என்று தவறாக முடிவு செய்திருப்போம். சிகிச்சை முன்னேறாதபோது முதலில் ஐயுற வேண்டியது வரைபடத்தைத்தான், நோயாளியை அன்று.

வரைபடத்திலிருந்து சிகிச்சைக்கு

திருத்திய படம் அடுத்த படிகளைக் காட்டியது. முதலில், மருத்துவரின் அறையில் ஒரு நிமிடம் வேகமாக மூச்சு விடச் செய்து, ரயிலில் தோன்றிய அதே மரப்பும் தலைச்சுற்றலும் மூச்சினால் மட்டுமே வருவதை அவரே கண்டார். (இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்களும் கருவுற்றவர்களும் இதனைச் செய்யக் கூடாது. மற்றவர்களும் வீட்டில் தாமாகச் செய்து பார்க்க வேண்டாம்.)

அடுத்து, தந்தை இறந்த நாளின் நிகழ்ச்சிகளை நேர வரிசைப்படி எழுதினார். பக்கத்து வீட்டார் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றதையும், தாம் உடனிருந்தாலும் செய்திருக்கக் கூடியது அதுவே என்பதையும் அவர் தம் கையெழுத்திலேயே படித்தார். அன்றுதான் தந்தைக்காக அழுதார்.

பின்னர் ரயில். முதல் வாரம் மனைவியுடன் மணவூரிலிருந்து அடுத்த நிலையமான செஞ்சி பானம்பாக்கம் வரை. அடுத்த வாரம் தனியே கடம்பத்தூர் வரை. பிறகு திருவள்ளூர், இறுதியில் அம்பத்தூர். ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் "என்ன நடக்கும் என அஞ்சுகிறேன்" என்பதையும், பின்னர் "என்ன நடந்தது" என்பதையும் எழுதினார். அச்சம் எழுந்தபோது இறங்காமல் காத்திருந்தார். பீதி பெரும்பாலும் சில நிமிடங்களில் உச்சத்தை எட்டி, பிறகு குறையத் தொடங்கும். முருகனின் சினம் தணிந்த இடமாதலால் தணிகை எனப் பெயர் வந்தது என்பர். நாம் தப்பி ஓடாதபோது அச்சமும் அவ்வாறே தானாகத் தணிகிறது என்பதை அவர் ரயில் பெட்டியிலேயே கற்றார்.

12 அமர்வுகளுக்குப் பின் அவர் மீண்டும் நாள்தோறும் வேலைக்குச் சென்றார். ஒரு கிருத்திகையன்று 365 படிகளையும் ஏறினார். நெஞ்சு வேகமாகத்தான் துடித்தது. படி ஏறினால் எவருக்கும் துடிக்கும். அதன் பின்னரும் ஒருமுறை ரயிலில் பீதி வந்தது. அவர் இறங்கவில்லை.

வேறு நோய்களிலும்

மனச்சோர்வுக்கும் இவ்வாறே வரைபடம் வரையலாம். சோர்வுற்றவர் வேலை, நட்பு, வழிபாடு ஆகியவற்றிலிருந்து விலகுகிறார். விலகுவதால் மகிழ்ச்சிக்கான வாய்ப்புகள் குறைகின்றன. அதனால் சோர்வு மிகுகிறது. இவ்வட்டத்தைச் செயல்களின் வழியே உடைக்கும் முறையைக் கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 495 பேரிடம் ஆராய்ந்து 2017-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டனர். சிகிச்சை அளித்தவர்கள் மருத்துவர்கள் அல்லர்; பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட இச்சிகிச்சையும் பெற்றவர்களில் கூடுதலானோர் மூன்று மாதங்களில் தேறினர்.

குடும்பத்தினர் செய்யத்தக்கவை

1. அமர்வுக்கு உடன் வாருங்கள். நோயாளி சொல்ல மறந்ததையோ தயங்கியதையோ நீங்கள் அறிந்திருக்கலாம். அவருடைய இசைவுடன் கூறுங்கள்.

2. "நான் செய்யும் எந்த உதவி அச்சத்தை வளர்க்கிறது?" என்று சிகிச்சையாளரிடம் கேளுங்கள். அவ்வுதவியை ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். மூவரும் பேசிப் படிப்படியாகக் குறையுங்கள். மேற்கண்ட மனைவி நிலையந்தோறும் அழைத்ததை, அம்பத்தூர் சேர்ந்தபின் ஒரே அழைப்பு என மாற்றிக்கொண்டார்.

3. "நெஞ்சு வலிக்கிறதா?" என்பதற்குப் பதிலாக, "இன்று பயணம் எப்படி இருந்தது?" என்று கேளுங்கள்.

4. மருத்துவர் தந்த மாத்திரைகளைத் தாமாக நிறுத்த விடாதீர்கள். இச்சிகிச்சையுடன் மருந்தும் தேவைப்படலாம்.

நீங்களும் ஒரு தாளில் மேற்கூறிய ஐந்து பகுதிகளை எழுதி, அண்மையில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியைக் குறித்து வையுங்கள். அடுத்த முறை வரும்போது அதனைக் கொண்டுவாருங்கள். பிழையாக இருந்தாலும் கவலை இல்லை, சேர்ந்து திருத்தலாம்.

ஓர் எச்சரிக்கை: புதிதாக நெஞ்சுவலி தோன்றினால் அதனைப் பீதி என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். உடனே 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வாழ விருப்பமில்லை என்ற எண்ணம் எழுந்தால் மறைக்காமல் உடனே கூறுங்கள். 'டெலி மானஸ்' எனப்படும் அரசின் மனநல உதவி எண் 14416. எந்த நேரத்திலும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.