சிவப்பு கேப்ஸ்யூலும் ஓர் எழுத்துப் பிழையும்

விஷ்ராந்த்வாடியில் எங்கள் வீட்டிலேயே நடந்ததால் இதை எழுதுகிறேன். 2012-ல் என் அத்தானுக்குக் காசநோய் கண்டது. தனியார் டாக்டர் ஒருவர் நான்கு மருந்துகள் கொடுத்தார். இரண்டு மாதத்தில் இருமல் நின்றது. அதன்பின் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் இரண்டையும் தொடரச் சொன்னார். சிவப்பு கேப்ஸ்யூலான ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகிறதே என்று பயந்து, அத்தான் அதை மட்டும் நிறுத்திவிட்டார். (அது அந்த மருந்தின் இயல்புதான்; யாரும் சொல்லவில்லை.) சில மாதத்தில் இருமல் திரும்பியது. பழைய சீட்டைக் காட்டிக் கடையில் இரண்டையும் வாங்கிச் சாப்பிட்டார். கேட்கவில்லை.

"உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது" என்பார்கள். மாறியது உடம்பல்ல, கிருமி.

காசநோய்க் கிருமியின் மரபுச் செய்தியில் சுமார் 44 லட்சம் எழுத்துகள் உண்டு. கிருமி பெருகும்போது அதைப் பிரதி எடுக்கிறது. எப்போதாவது ஓர் எழுத்து பிழையாகிறது. மருந்து அந்தப் பிழையை உண்டாக்குவதில்லை, பிழையுள்ளதை மட்டும் பிழைக்க விடுகிறது. ஐசோனியசிட் தானாக விஷமல்ல. கிருமியின் கேட்-ஜி என்ற நொதிதான் அதை விஷமாக்குகிறது. தன் எமனைத் தானே தயாரித்துக் கொள்கிறது என்று சொல்லலாம்! அந்த மரபணுவின் 315-ஆவது மூன்றெழுத்துத் தொகுதியில் ஓர் எழுத்து மாறினால் விஷம் சரிவரத் தயாராவதில்லை. ரிஃபாம்பிசின் ஒட்டிக்கொள்ளும் நொதியிலும் இப்படியே ஓர் எழுத்து மாறினால் மருந்து ஒட்டாது.

கணக்கைப் பாருங்கள். நுரையீரல் பொத்தல் ஒன்றில் பத்து கோடிக் கிருமிகள் இருக்கலாம். ஐசோனியசிட்டுக்கு மசியாதது சுமார் பத்து லட்சத்தில் ஒன்று; ரிஃபாம்பிசினுக்கு மசியாதது பத்து கோடியில் ஒன்று. இரண்டுக்கும் மசியாதது நூறு லட்சம் கோடியில் ஒன்று. அதனால்தான் கூட்டு மருந்து. அத்தான் ஒன்றை விட்டதும் முதல் பிழை பெருகியது. பிறகு சேர்ந்த ரிஃபாம்பிசின் தனியாகப் போராடியதால் இரண்டாவது பிழையும் பெருகியது. சளியிலிருந்து மரபணுவைச் சோதித்தபோது இரண்டும் தெரிந்தன.

நம் சென்னைக்கு இதில் ஒரு பங்கு உண்டு. சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் இருப்பதற்கு இணையாகக் குணமாகும் என்று 1959-ல் நிரூபித்தது. அந்த ஆய்வில் சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரையும் சோதித்தார்கள். எங்கள் வீட்டில் எண்ணியிருந்தால் சிவப்பு கேப்ஸ்யூல் மிஞ்சியது தெரிந்திருக்கும்.

அத்தானுக்கு இரண்டு வருடம் வேறு மருந்துகள். அதில் பல மாதம் ஊசி. குணமாகிவிட்டார். ஊசியால் காது மந்தமானது. இப்போது ஊசியில்லாமல், பெடாக்குவிலின் சேர்ந்த நான்கு மருந்துகளை ஆறு மாதம் சாப்பிடும் முறைக்கு 2024-ல் நம் அரசு அனுமதி தந்திருக்கிறது. இதை அவரிடம் சொன்னபோது, இரண்டு தடவை உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது.