நீரிழிவுப் பராமரிப்பும் கணக்காய்வும்

கணக்காய்வு என்றதும் பணமும் பேரேடுமே நம் நினைவுக்கு வருகின்றன. வைத்தியர் தம் பணியைத் தாமே ஆராய்ந்தறியும் கணக்காய்வும் உண்டு. இங்கிலாந்திலும் வேல்சிலும் நீரிழிவுக்கான தேசியக் கணக்காய்வு 2003-2004 ஆம் ஆண்டிலே தொடங்கிற்று. குடும்ப வைத்தியர்கள் கணினியிற் பதிந்துவைக்கும் நோயாளர் குறிப்புக்களே அதற்குப் பெரிதும் ஆதாரமாகின்றன.

நீரிழிவு ஓசையின்றிக் கேடு செய்யும் நோய். கண்ணும் சிறுநீரகமும் பழுதுறத் தொடங்கும்போது நோவு தோன்றுவதில்லை. ஆதலின் ஆண்டுதோறும் செய்யவேண்டிய சோதனைகள் வகுக்கப்பட்டுள்ளன. இரண்டு மூன்று மாதங்களின் சர்க்கரை நிலையைக் காட்டும் ஈமோகுளோபின் சோதனை, குருதியமுக்கம், கொலஸ்திரோல், கிரியாற்றினின், சிறுநீர் அல்புமின், பாதப் பரிசோதனை, உடற்பருமன், புகைப்பழக்கம் என அவை எட்டு. விழித்திரைச் சோதனை ஒன்பதாவது.

கணக்காய்வின் உயிர்நிலை வகுக்கும் எண்ணிலே உள்ளது. உதாரணமாக, ஒரு வைத்தியரின் பதிவேட்டில் நீரிழிவுடையோர் 200 பேர் எனக் கொள்வோம். அவருள் 150 பேருக்கே ஈமோகுளோபின் சோதனை நடந்தது. 120 பேர் உரிய அளவை எய்தினர். சோதிக்கப்பட்டோரை மட்டும் கொண்டு வகுத்தால் நூற்றுக்கு 80. பதிவேட்டிலுள்ளோர் அனைவரையும் கொண்டு வகுத்தால் நூற்றுக்கு 60. முதற்கணக்கு வைத்தியருக்கு மகிழ்ச்சி தரும். இரண்டாவதோ, வாராத 50 பேரை நினைவூட்டும்.

ஐக்கிய இராச்சியத்தில் 2004 இல், இத்தகைய அளவைகளுக்கேற்பக் குடும்ப வைத்தியருக்குப் பணம் வழங்கும் திட்டம் வந்தது. பன்முறை அழைத்தும் வாராதவரைக் கணக்கினின்று விலக்க அத்திட்டம் இடமளித்தது. வைத்தியர்பால் அது நியாயமே. ஆயினும் விலக்கப்பட்டவரை நோய் விலகிப் போவதில்லை.

பதிவில் வெற்றிடம் காணின் உடனே குற்றஞ்சாட்டுதலும் தகாது. பாதத்தைப் பார்த்த வைத்தியர் அதனை உரிய குறியீட்டாற் பதியாமல் வெறுங்குறிப்பாக எழுதியிருக்கலாம். கணினி அதனைக் கணக்கிற் கொள்ளாது. செய்யாமை வேறு, பதியாமை வேறு. முன்னதற்கு மருந்து நோயாளரை அழைத்தல். பின்னதற்கு மருந்து பதியும் முறையைத் திருத்தல்.

ஒருமுறை எண்ணி அறிக்கை எழுதுவதோடு கணக்காய்வு முடிவதில்லை. குறையைத் திருத்தி, அதே அளவைகளால் மீண்டும் எண்ணிப் பார்த்தபின்னரே அது நிறைவுறும். நூற்றுவீதம் உயர்ந்ததா என்பதோடு, வாராதிருந்தவருள் எத்தனை பேர் வந்தனர் என்பதையும் நாம் வினவுதல் வேண்டும்.