படம் போட்டே பாஸ் பண்ணிடலாமா?

எம்.எஸ்சி. கணிதத்திலும் கம்ப்யூட்டர் சயின்ஸிலும் விருப்பப் பாடம் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் சீனியர்கள் தவறாமல் தரும் யோசனை ஒன்று உண்டு: “கிராஃப் தியரி எடுத்துக்கோ, படம் போட்டே பாஸ் பண்ணிடலாம்.” முதல் சில வகுப்புகளில் அது சரி என்றுதான் தோன்றும். புள்ளி வைத்தால் முனை, இழுத்தால் கோடு, ஒரு முனையில் சேரும் கோடுகளின் எண்ணிக்கை அதன் படி. இன்டெக்ரேஷன் கிடையாது, எப்சிலான்-டெல்டா கிடையாது. ‘நிறுவுக’ என்று கேள்வி வரும்போதுதான் வண்டவாளம் தெரியும்.

ஓர் எடுத்துக்காட்டு. ‘ஒவ்வொரு முனைக்கும் ஒரு கோடாவது இருந்தால், கிராஃப் முழுவதும் இணைந்திருக்கும்.’ இதைக் கணிதத் தொகுத்தறிதலில் நிறுவிக் காட்டுகிறேன், பாருங்கள். 2 முனைகளுக்கு உண்மை. n முனைகளுக்கும் உண்மை என்று கொள்வோம். புதிதாக ஒரு முனையைச் சேர்க்கிறோம். அதற்கும் ஒரு கோடு வேண்டுமே, ஆகவே அது பழைய கிராஃபோடு ஒட்டிக்கொள்கிறது. முடிந்தது!

இப்போது 4 புள்ளிகள் வைத்து, இரண்டிரண்டாகச் சேர்த்து இரு தனிக் கோடுகள் போடுங்கள். எல்லா முனைக்கும் கோடு உண்டு; கிராஃபோ இரண்டு துண்டு. ஓட்டை எங்கே? இந்த கிராஃபில் எந்த முனையை எடுத்தாலும் அதன் ஜோடி கோடில்லாமல் நின்றுவிடும். அதாவது, நிபந்தனைக்கு உட்பட்ட எந்த 3 முனை கிராஃபிலிருந்தும் இதை வளர்த்தெடுக்க முடியாது. சிறியதோடு ஒன்றைச் சேர்க்கக் கூடாது. பெரியதை எடுத்து, அதிலிருந்து ஒன்றை நீக்கித்தான் வாதிட வேண்டும். இந்த ஒரு பழக்கம் கைவந்தாலே கட்டிய ஃபீஸுக்கு மோசமில்லை என்பேன்.

மாணவர்கள் மட்டும்தான் இப்படிச் சறுக்குகிறார்கள் என்றில்லை. அடுத்தடுத்த பகுதிகளுக்கு ஒரே நிறம் வராதபடி தீட்ட எந்த வரைபடத்துக்கும் 4 நிறங்கள் போதும் என்பதற்கு கெம்பே 1879-இல் ஒரு நிரூபணம் தந்தார். 11 ஆண்டுகள் அது நிலைத்தது. 1890-இல் ஹீவுட் அதிலிருந்த பிழையைக் காட்டினார். அதே உத்தியைக் கொண்டு 5 நிறங்கள் போதும் என்று நிறுவியும் விட்டார். “4 நிறத் தேற்றத்தைக் கடைசியில் கம்ப்யூட்டர்தான் நிறுவியது” என்பதும் பாதி உண்மைதான். 1976-இல் அப்பெலும் ஹாக்கெனும் பிரச்சினையை எண்ணி முடிக்கக்கூடிய வகைகளாகச் சுருக்கிய பிறகே இயந்திரம் சரிபார்க்க உட்கார்ந்தது. கெம்பேயின் உத்தி அதற்குள்ளும் உயிரோடு இருக்கிறது.

ஒவ்வொரு பாலத்தையும் ஒரே முறை கடந்து வர முடியுமா என்ற புதிருக்குப் பேர்போன கோனிக்ஸ்பர்க்கின் 7 பாலங்களை 4 புள்ளிகளாகவும் 7 கோடுகளாகவும் ஆய்லர் வரைந்தார் என்று பாதிப் பாடக் குறிப்புகள் சொல்கின்றன. அவருடைய 1736-ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஆறும் பாலங்களும் கொண்ட படம் உண்டு. புள்ளி-கோட்டுப் படம் இல்லை. நிலப்பகுதிகளுக்கு எழுத்துகள் கொடுத்து, எழுத்து வரிசைகளாலேயே வாதத்தை நடத்தினார். எல்லாப் படிகளும் இரட்டையாக இருந்தால் (கிராஃபும் இணைந்திருந்தால்) எல்லாக் கோடுகளையும் ஒரே முறை கடந்து தொடங்கிய இடத்துக்கே திரும்பும் சுற்று நிச்சயம் உண்டு என்ற மறுபாதியை முறையாக நிறுவியவர் ஹியர்ஹோல்ட்சர். அது 1873-இல், அவர் இறந்த பின்புதான் அச்சாயிற்று. தேர்வில் மொத்தத்தையும் ஆய்லர் பெயரிலேயே எழுதுங்கள், மார்க் குறையாது.

ஆய்லர் சுற்றும் ஹாமில்டன் சுற்றும் அண்ணன் தம்பி மாதிரிதான் தெரியும்: ஒன்று எல்லாக் கோடுகளையும் ஒருமுறை கடக்க வேண்டும், மற்றது எல்லா முனைகளையும். முதலாவதற்குப் படிகளை எண்ணினால் போதும். இரண்டாவதற்கு அப்படியொரு சுலபமான சோதனை யாருக்கும் இன்றுவரை கிடைக்கவில்லை. 1972-இல் கார்ப் வெளியிட்ட 21 கடினமான பிரச்சினைகளின் பட்டியலில் அதுவும் உண்டு. 10 முனைகளும் 15 கோடுகளும் உள்ள பீட்டர்சன் கிராஃபில் ஹாமில்டன் சுற்று கிடையாது. ஆனால் எந்த ஒரு முனையை நீக்கினாலும் மிச்சமுள்ள 9 முனைகளில் சுற்று கிடைத்துவிடும். ஒரு சாயங்காலம் பேனாவும் தாளுமாக உட்கார்ந்து பார்க்க வேண்டிய விஷயம்.

ஆகவே படம் போடுங்கள், நிறையப் போடுங்கள். ஆனால் தேற்றத்தை மறுப்பதற்காகப் போடுங்கள். நிரூபணத்தைப் படிக்கும் முன் நிபந்தனைகளில் ஒன்றை அடித்துவிட்டு, 4 அல்லது 5 முனைகளில் எதிர்க்காட்டு அகப்படுகிறதா என்று தேடுங்கள். அகப்படாவிட்டால் பீட்டர்சன் கிராஃபில் சோதியுங்கள். நிறைய அனுமானங்கள் அதனிடம்தான் தோற்றிருக்கின்றன.