துளையிட்ட அட்டையும் புதிய பத்தியும்

காஞ்சிபுரத்தில் பட்டு நெய்யும் வீட்டுக்குச் சென்றால், தறிக்கு மேலே ஒரு பெட்டியையும், அதிலிருந்து மாலைபோல் தொங்கும் துளையிட்ட அட்டைகளையும் காணலாம். 1804-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு ஜக்கார்டு உருவாக்கிய பொறியின் வழிவந்தது இது. அட்டையில் துளை இருக்குமிடத்தில் ஊசி நுழையும்; அதனோடு இணைந்த கொக்கி உயர, பாவு நூலும் எழும். துளையில்லையேல் நூல் கீழேயே கிடக்கும். மயிலுக்குப் பதில் அன்னம் வேண்டுமா? தறியைப் பிரிக்க வேண்டாம். அட்டைகளை மாற்றினால் போதும்.

கணிப்பொறியிலும் இதே உபாயம் உண்டு. ஒரு நெசவாளர் சங்கம் தன் சேலைக் கணக்கைத் தரவுத்தளத்தில் வைத்திருப்பதாகக் கொள்வோம். சேலை எண், எடை, விலை என மூன்று பத்திகள். இப்போது ஜரிகையிலுள்ள வெள்ளியின் சதவீதத்தையும் குறிக்க வேண்டும். பத்திகளின் பெயர்கள் நிரலுக்குள் நூறு இடங்களில் எழுதப்பட்டிருந்தால், நூறையும் திருத்த வேண்டும். ஒன்று விடுபட்டாலும் கணக்கு குழம்பும்.

ஆகவே, பலர் பயன்படுத்தும் நிரல் நூலகங்கள் சிலவற்றில் பத்திகளின் விவரம் தனிக் கோப்பில் எழுதப்படுகிறது: பெயர் என்ன, எண்ணா எழுத்தா, வெற்றாக விடலாமா? நூலகம் இக்கோப்பைப் படித்து அட்டவணையை அமைத்துக்கொள்ளும். ஒரு சங்கம் வேண்டிய பத்தியைக் கோப்பில் சேர்க்கலாம். மற்றொரு சங்கம் சேர்க்காமலே இருக்கலாம். நூலகம் இருவருக்கும் ஒன்றே.

இனி நிரலே எழுத வேண்டாம் என்று சிலர் சொல்வது மிகை. கொக்கி இல்லாத இடத்தில் எத்தனை துளையிட்டாலும் நூல் எழாது. நூலகத்தை எழுதியவர் இடம் விட்டிருந்தால்தான் கோப்பு பயன்படும்.

இன்னொரு சிக்கல், பழைய சேலைகள். அவற்றின் வெள்ளியை யாரும் அளக்கவில்லை. புதிய பத்தியில் அவற்றுக்கு எதை இடுவது? பூச்சியம் என்று இட்டால், ‘வெள்ளியே இல்லை’ என்று பொருள்படும். நல்ல சேலை போலியாகிவிடும். மூன்று சேலைகளில் இரண்டுக்கு 50 சதவீதம் என்றும், ஒன்று அளக்கப்படவில்லை என்றும் கொள்வோம். பூச்சியமிட்டால் சராசரி ஏறத்தாழ 33. வெற்றாக விட்டால், அளந்த இரண்டின் சராசரி 50. தரவுத்தளங்களில் வெற்று என்பது தனிக் குறி. சராசரி காணும்போது அதை ஒதுக்கிவிடுவார்கள்.

உங்கள் பள்ளிப் பதிவேட்டில் ‘இரத்த வகை’ என்ற பத்தியைப் புதிதாகச் சேர்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கோப்பில் அதை எவ்வாறு விவரிப்பீர்கள்? முன்பே படித்துச் சென்ற மாணவர்களுக்கு எதை இடுவீர்கள்? எழுதிப் பாருங்கள்.